சேதக் கணக்கு

அத்தியாயம் 11

ஷோபனாவின் உத்தியோகம் என்னவென்று அவளுடைய மாமியார் பிரகதாம்பாளுக்கு இன்றுவரை பிடிபட்டதில்லை. "மத்தவங்க நடத்துற திட்டத்தால ஜனங்களுக்குப் பிரயோஜனம் இருக்கான்னு கேட்டு எழுதுற வேலை அத்தை" என்று ஒருதரம் இவள் விளக்கியபோது, "நானும் தினம் உன் மாமனாரைப் பார்த்து அதைத்தான் கேட்கிறேன். எனக்கு எவன் சம்பளம் குடுக்கிறான்?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தாள். பிரகதாம்பாள் அப்படித்தான். வாயில் ஒரு குத்தலும் கையில் ஒரு காபியும் எப்போதும் தயாராக இருக்கும்.

நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன். போன தை மாதம் அறுப்புக்கு நின்ற சம்பா, பருவம் தப்பிப் பெய்த மழையில் சாய்ந்து, வயலிலேயே முளைவிட்டது. திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் கீழமங்கலத்தில் மாமனார் அமிர்தலிங்கம் அன்றைக்குச் சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். சாப்பாடு இல்லை, பேச்சு இல்லை. மாசியில் ஒருநாள் விடியற்காலை ஆற்றுக்குப் போனவர் மத்தியானம் வரை படித்துறையிலேயே உட்கார்ந்திருந்தார். பக்கத்து வயல் செல்லதுரைதான் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். மகன் இளஞ்செழியன், ஷோபனாவின் புருஷன், மஸ்கட்டில் இருக்கிறான். போனில் அழத்தான் முடிந்தது அவனால்.

அந்த சமயத்தில்தான் ஊரில் வெள்ளிக்கிழமைக் கூட்டம் ஆரம்பித்தது. செல்லதுரையின் மகள் செம்மொழி மனநலம் படித்தவள், ஊருக்கு அவள் 'டீச்சர்'. ஓர் அறக்கட்டளையின் பணத்தில், பயிர் போய் மனசும் போன ஆண்களைச் சமுதாயக்கூடத்தில் உட்காரவைத்துப் பேசவைத்தாள். மாத்திரை தேவைப்பட்டவர்களை டாக்டரிடம் அழைத்துப் போனாள். அமிர்தலிங்கமும் போனார், வந்தார், போனார். வைகாசியில் எழுந்து வயலைப் பார்த்தார்.

அந்தக் கூட்டத்தால் பலன் உண்டா இல்லையா என்று அளந்து சொல்லும் பொறுப்பு, எங்கே சுற்றியும் ஷோபனாவின் அலுவலகத்துக்கே வந்து சேர்ந்தது. தன் வீட்டு ஆட்களைத் தானே கேட்கக் கூடாது என்று மேலதிகாரி புகழேந்தியிடம் முதலிலேயே சொல்லி, அந்த ஊருக்கு அரவிந்தன் என்ற பையனை அனுப்பினாள். மாசியில் ஒருமுறை கேட்டார்கள். இப்போது புரட்டாசியில் அதே கேள்விகளை மறுபடியும் கேட்டார்கள். நாளைக்குத் தஞ்சாவூரில் அறக்கட்டளைக்காரர்களின் கூட்டம். பலன் உண்டு என்றால் திட்டம் நடக்கும். இல்லை என்றால் வெள்ளிக்கிழமை வெறும் வெள்ளிக்கிழமையாகிவிடும்.

இன்று காலை அரவிந்தனிடமிருந்து போன் வந்தபோது ஷோபனா மகள் குந்தவைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"மேடம், கீழமங்கலம் நேத்து சாயங்காலம் முடிச்சிட்டோம்."

"நல்லது. எப்படி இருக்கு?"

"நல்லா இல்லை மேடம். தூக்கம், பசி, வேலையில பிடிப்பு எல்லாமே மாசியைவிட மோசம்னு சொல்றாங்க." பையன் இழுத்தான். "கடைசிக் கேள்விக்கு, கூட்டத்துக்கு வர்றவங்க அத்தனை பேரும் ஆமான்னு சொல்லிட்டாங்க."

ஷோபனாவின் கை பின்னலிலேயே நின்றது. வாழ்ந்தது போதும், போய்ச் சேர்ந்தால் தேவலை என்று தோன்றுகிறதா? அதுதான் கடைசிக் கேள்வி. யார் என்ன பதில் சொன்னார்கள் என்பதை வெளியே விடக் கூடாது. இந்த ஒன்றுக்கு மட்டும் விலக்கு. ஆமாம் என்று ஒருவர் சொன்னால் அன்றைக்கே மேலே சொல்லியாக வேண்டும்.

"அத்தனை பேருமா?"

"ஒருத்தர் பாக்கியில்லாம மேடம். வீட்டு ஆளுங்களையும் கேட்டோம்ல, அவங்கள்லயும் சில பேரு ஆமான்னாங்க." தொண்டையைச் செருமினான். "உங்க வீட்லயும் மேடம். மாமனார், மாமியார் ரெண்டு பேருமே."

"நேத்தே சொல்ல வேண்டாமா அரவிந்தா?"

"செம்மொழி டீச்சர்கிட்ட நேத்தே சொல்லிட்டேன் மேடம். அவங்க எல்லார் வீட்டுக்கும் போய்ப் பார்த்துட்டு வந்தாங்க. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்…"

திட்டுவதற்கு நேரமில்லை. குந்தவையின் இரண்டாவது பின்னல் பாதியில் நின்றது. "பள்ளிக்கூடம் விட்டதும் பாய் வீட்லயே இரு, அம்மா வந்துடுவேன்" என்று அவளை எதிர்வீட்டு ஜெய்னுலாபுதீன் வீட்டில் ஒப்படைத்துவிட்டு, ஷோபனா திருக்காட்டுப்பள்ளி பஸ்ஸில் ஏறினாள்.

ஜன்னலுக்கு வெளியே வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடியது. அவளுக்கு எதுவும் கண்ணில் படவில்லை. மாமாவுக்கு எங்கே பிசகியது? நல்லாத்தானே தேறி வந்தார்? போன வாரம் போனில், மேட்டூரில் எத்தனை அடி தண்ணீர் என்று அவரே சொன்னாரே! அதெல்லாம் நடிப்பா? கூட்டமே அவரை இன்னும் கீழே தள்ளிவிட்டதா? அப்படித் தள்ளியிருந்தால் அதையும் அவள்தான் எழுத வேண்டும். எழுதினால் கூட்டத்தை மூடுவார்கள். மூடினால் அந்த மனுஷனுக்குப் பிடிமானம் எது? மாசி மாதத்துப் படித்துறை திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. கூடத்தின் நடுவில், புளி போட்டுத் தேய்த்த பித்தளை அண்டா ஒன்று பளபளவென்று உட்கார்ந்திருந்தது. கும்பகோணத்திலிருந்து பிரகதாம்பாள் கல்யாணச் சீராகக் கொண்டுவந்தது. பக்கத்தில் பழைய வேட்டியில் சுற்றிய குத்துவிளக்கு.

பிரகதாம்பாள் கொல்லைப் பக்கத்திலிருந்து வந்தாள். "வா" என்றாள்.

"மாமா எங்கே அத்தை?"

"ஆத்துப் பக்கம் போனார்."

 "எப்போ?"

"காலையில." பிரகதாம்பாள் அண்டாவைக் காட்டினாள். "இதை நீ எடுத்துட்டுப் போயிடு. விளக்கும் உனக்குத்தான். இங்க கிடந்து என்ன பண்ணப் போவுது?"

"இப்ப அதுவா அத்தை முக்கியம்? பஸ்ல இதை எப்படித் தூக்கிட்டுப் போறது?"

"குறுக்க ஒரு துணியைக் கட்டித் தரேன்."

திரும்பும்போது ஷோபனாவின் கண் மாட்டுக்கொட்டகையில் பட்டது. கட்டுத்தறி காலி. "லட்சுமி எங்கே?"

"குடுத்துட்டேன். கறக்க முடியலை."

வேறு யாரும் மடியில் கை வைக்கக் கூடாது என்று காய்ச்சலோடு எழுந்து கறந்தவள் பிரகதாம்பாள். வயசாகிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டு ஷோபனா செருப்பை மாட்டினாள். வந்தவள் சாப்பிட்டாளா, பேத்தி பள்ளிக்கூடம் போனாளா, ஒன்றும் மாமியார் கேட்கவில்லை. வழக்கமாக வாசல்படி ஏறுவதற்குள் பத்துக் கேள்வி வந்து விழும். இன்று வராததைக் கவனிக்கிற நிலையில் மருமகள் இல்லை.

தெருமுனையில் செம்மொழி ஸ்கூட்டியோடு நின்றிருந்தாள். ராத்திரி தூங்காத முகம்.

"அக்கா, உங்களுக்குத்தான் போன் பண்ணிட்டு இருக்கேன். நேத்து எல்லார் வீட்டுக்கும் போனேன். யாரும் வாயைத் திறக்கலை. 'ஏதோ இருக்கோம்மா'ன்னுதான் சொல்றாங்க. உங்க வீட்ல அம்மா காபி குடுத்து அனுப்பிச்சாங்க. ஐயா தூங்கிட்டேன்னு சொல்லச் சொல்லிட்டார்." குரல் உடைந்தது. "எங்க அப்பாவும் ஆமான்னு சொல்லியிருக்காருக்கா. எங்கிட்ட வந்து உட்கார்ந்துட்டுப் போறவரு! என் கண்ணு முன்னாடி இருக்கிறவரையே எனக்குப் புரியலைன்னா நான் என்னத்தைப் படிச்சேன்?"

"அதெல்லாம் அப்புறம் அழுவோம். மாமா ஆத்துப் பக்கம் போயிருக்காராம். வண்டியை எடு."

படித்துறையில் ஈரத்துணி பிழிந்துகொண்டிருந்த பெண்கள் இரண்டு பேர்தான் இருந்தார்கள். "பெரியவரா? வாய்க்கால் மேட்டுல போனாரே" என்றார்கள். வண்டி அங்கேயே நின்றது. இருவரும் வரப்பில் ஓடினார்கள்.

ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் குரல் கேட்டது.

"ராத்திரி மடையை எவன் அடைச்சது?"

"நான்தாங்க அடைச்சேன். நேத்து சாயங்காலத்தோட உங்க முறை முடிஞ்சு போச்சு."

"முடிஞ்சு போச்சா? என் நாத்தங்கால்ல பாதிக்குத் தண்ணி ஏறலை, முறை முடிஞ்சு போச்சாம்! நாத்து கருகினா உன் தலையிலயா நடுவேன்?"

"எனக்கும் நாத்து இருக்குங்க. நானும்தான் குத்தகை அளக்கணும். நியாயமாப் பேசுங்க."

"நியாயத்தை நீ எனக்குச் சொல்றியா?"

மடையின் இந்தப் பக்கம் அமிர்தலிங்கம், முழங்கால் வரை சேறு. அந்தப் பக்கம் செல்லதுரை, கையில் மண்வெட்டி. ஒரு காலத்தில் செல்லதுரை இதே வயலில் கூலிக்கு அறுத்தவர். அப்போது இப்படி எதிர்ப்பேச்சு பேசியிருக்கவும் மாட்டார், இவர் கேட்டிருக்கவும் மாட்டார். இப்போது வெள்ளிக்கிழமைகளில் இரண்டு பேரும் ஒரே ஜமக்காளத்தில் உட்கார்ந்து ஒருவர் அழ மற்றவர் பார்த்தவர்கள். அதனால் சண்டையும் சரிசமமாக நடந்தது.

ஷோபனா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. பங்குனியில் பக்கத்து ஊர் ஆடு புகுந்து உளுந்தை மேய்ந்தபோது திரும்பிக்கூடப் பார்க்காத மனுஷன் இவர். இன்றைக்குக் கால்மடைத் தண்ணீருக்குத் தொண்டை கிழியக் கத்துகிறார்! எந்தக் கேள்வித்தாளில் இதைக் கேட்பது? நீங்கள் கடைசியாக யாரோடு சண்டை போட்டீர்கள் என்றா?

"ஷோபனாவா? நீ எப்பம்மா வந்தே?" அமிர்தலிங்கத்தின் கண்ணில் அப்போதுதான் அவள் பட்டாள். "ஏன் இப்படி மூச்சு வாங்குது உனக்கு?"

"மாமா, நேத்து அந்தத் தம்பிகிட்ட என்ன சொன்னீங்க?"

அமிர்தலிங்கம் செல்லதுரையைப் பார்த்தார். செல்லதுரை வாய்க்காலைப் பார்த்தார். திருட்டு மாங்காய் பறித்துப் பிடிபட்ட பயல்களின் முகம் இரண்டு பேருக்கும்.

"கேட்டதுக்குச் சொன்னேன்."

"சாகணும்போல இருக்குன்னு சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன்."

"இருக்கா?"

"எனக்கென்னத்துக்கு?" மனுஷனுக்குக் கோபமே வந்துவிட்டது. "நாத்து நிக்குது, நடவுக்கு ஆள் சொல்லணும், எனக்குச் சாக ஏது நேரம்?"

"அப்புறம் ஏன் மாமா அப்படிச் சொன்னீங்க?"

அமிர்தலிங்கம் மேட்டில் ஏறி, விவரம் தெரியாத குழந்தைக்குச் சொல்கிற தோரணையில் விளக்கினார். "ஏம்மா, படிச்ச பொண்ணு நீ. போன தையில சேதக் கணக்கு எடுக்க வந்தாங்கள்ல, என்ன நடந்துச்சு? நம்ம துரைராசு பெரிய நியாயஸ்தன், 'கால்வாசிதாங்க போச்சு'ன்னு உள்ளதைச் சொன்னான். மூணுல ஒரு பங்காவது போனாத்தான் நிவாரணம். அவனுக்கு ஒரு பைசா வரலை. எழுத வர்றவன்கிட்ட எல்லாம் போச்சுன்னுதான் சொல்லணும். வயலுக்கு ஒரு சட்டம், மனசுக்கு ஒரு சட்டமா?"

"மாமா…"

"இரு, முடிச்சுக்கிறேன். அந்தத் தம்பி வந்து இப்ப எப்படி இருக்கீங்கன்னு கேட்குது. நல்லாயிருக்கோம்னு சொன்னா என்ன பண்ணுவாங்க? சரியாப் போச்சு, இனி உங்களுக்குக் கூட்டம் எதுக்குன்னு செம்மொழியை வேற ஊருக்கு அனுப்பிச்சிடுவாங்க. அதான் போன வெள்ளிக்கிழமை டீச்சர் கிளம்பினப்புறம் நாங்க பேசி வெச்சுக்கிட்டோம். எல்லாரும் ஒரே மாதிரி, முழுச் சேதம்னு சொல்லிடணும். நான்தான் சொன்னேன்." கடைசி வாக்கியத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

செம்மொழி தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயா! தலைகீழாப் பண்ணி வெச்சிருக்கீங்களே! நீங்க நல்லாயிருக்கேன்னு சொன்னாத்தான் கூட்டம் நடக்கும். மோசமாயிட்டோம்னு சொன்னா, இதால ஒரு பிரயோஜனமும் இல்லைன்னு இழுத்து மூடிட்டுப் போயிடுவாங்க!"

"அது என்ன கூத்து?" அமிர்தலிங்கம் நிஜமாகவே திகைத்தார். "நல்லாயிருக்கிறவனுக்கா குடுப்பாங்க? உலகத்துல எங்கேயாவது உண்டா?"



செம்மொழி அப்பாவிடம் திரும்பினாள். "நீங்களும் இதுல கூட்டா? நேத்து ராத்திரி பூரா உங்க கட்டில் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேனேப்பா!"

"அதான் நானும் பார்த்தேன்" என்றார் செல்லதுரை. "ஏன் இந்தப் புள்ளை தூங்காம என்னையே முறைக்குதுன்னு. கேட்டாத் திட்டுவேன்னு கண்ணை மூடிக்கிட்டேன்."

செம்மொழி முதலில் சிரித்தாள். அப்புறம் வாய்க்கால் மேட்டிலேயே குந்தி விசும்பி விசும்பி அழுதாள். செல்லதுரை மண்வெட்டியைப் போட்டுவிட்டு மகள் தலையில் கை வைத்தார். அமிர்தலிங்கம் குனிந்து, மடையைச் செல்லதுரையின் நாற்றங்காலுக்கே திறந்துவிட்டார். அவரால் முடிந்த மன்னிப்பு அதுதான்.

ஷோபனா கொஞ்சம் தள்ளிப் போய்ப் புகழேந்திக்குப் போன் போட்டு நடந்ததையெல்லாம் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை.

"சரி ஷோபனா. இப்ப பேசி வெச்சுக்கிட்டுப் பொய் சொன்னாங்கன்னா, மாசியில சொன்னது மட்டும் நிஜம்னு எப்படிச் சொல்லுவீங்க? பணம் குடுக்கிறவங்க கேட்பாங்க இல்ல?"

"மாசியில பேசக்கூட அவங்களுக்குத் தெம்பு இல்லை சார்."

"நீங்க பார்த்தீங்க, நான் நம்புறேன். ஆனா அது உங்க மாமனார் ஊரு. குடும்பத்துக்காகப் பேசுறாங்கன்னுதான் சொல்லுவாங்க." கொஞ்சம் யோசித்தார். "வேற ஆளை விட்டுத் திரும்பக் கேட்க ஒரு மாசம் அவகாசம் கேட்டுப் பார்க்கிறேன். கடைசிக் கேள்வியை என்ன பண்றது? அந்தப் பதில் நாளைக்குத் திரையில வந்தா திட்டம் அங்கேயே முடிஞ்சிடும்."

"அதை மொத்தமா எடுத்துடுங்க சார். அந்த ஊர்ல அதுக்கு வந்த பதில்ல ஒண்ணுகூட உண்மை கிடையாது."

"உறுதியா?"

"உறுதி சார். நானே நேர்ல பார்த்துட்டேன்."

போனை வைத்தபோது தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கிய மாதிரி இருந்தது. முன்னால் மாமா நடக்க, பின்னால் அவள் நடந்தாள். வழியெல்லாம் மாமா பேசிக்கொண்டே வந்தார். எந்த நெல் விதைத்தார், எவன் மடையை உடைத்தான், குந்தவைக்கு எத்தனாம் பிறந்தநாள் வருகிறது என்று. கொல்லைக் கிணற்றடியில் கால் கழுவப் போனவர் அங்கிருந்தும் பேசினார்.

கூடத்தில் அண்டாவுக்குத் துணி கட்டி முடித்து, பிரகதாம்பாள் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இலையில் சோறு போட்டு மூடி வைத்திருந்தது. இரண்டு இலைதான்.

"நீங்க சாப்பிட்டாச்சா அத்தை?"

"எனக்குப் பசிக்கலை. நீ சாப்பிட்டுக் கிளம்பு. இருட்டிடப் போவுது."

மத்தியானம்கூடத் தாண்டவில்லை. ஷோபனா சிரித்துக்கொண்டே எதிரில் உட்கார்ந்தாள். "அத்தை, உங்க வீட்டுக்காரர் பண்ணின காரியம் தெரியுமா? ஊரையே கூட்டிவெச்சுப் பொய் சொல்லக் கத்துக் குடுத்திருக்கார். எழுத வந்தா முழுச் சேதம்னு சொல்லணுமாம். காலையில எனக்குப் பாதி உயிர் போயிடுச்சு. போதாக்குறைக்கு உங்களுக்கும் இல்ல சொல்லிக் குடுத்திருக்கார்! நீங்களும் அந்தத் தம்பிகிட்ட ஆமான்னீங்களாமே?"

பிரகதாம்பாள் துணி முடிச்சைத் திரும்பவும் இழுத்துப் பார்த்தாள்.

"எங்கிட்ட யாரும் எதுவும் சொல்லித் தரலையேம்மா."

"மாமா சொல்லலை?"

"அவர் கூட்டத்துல உள்ளவங்களுக்குத்தான் சொன்னார். என்கிட்ட எதுக்குச் சொல்லணும்?" குரலில் கோபமில்லை, குத்தலும் இல்லை. "அந்தத் தம்பி உட்கார்ந்து கேட்டுச்சு. அம்மா, போதும்னு தோணுதான்னு. தையிலேருந்து எல்லாரும் வந்து அவர் எப்படி இருக்கார், அவர் எப்படி இருக்கார்னுதான் கேட்டாங்க. என்னைக் கேட்டது அந்தத் தம்பி மட்டும்தான். கேட்டதும் உள்ளதைச் சொல்லிட்டேன்."



கூட்டத்துக்கு வர்றவங்க அத்தனை பேரும். வீட்டு ஆளுங்கள்ல சில பேரு. காலையிலேயே அரவிந்தன் சொன்னான். சொல்லிக் கொடுத்ததாக இருந்தால் வீட்டு ஆட்களும் அத்தனை பேராக அல்லவா இருந்திருக்க வேண்டும்? எண்களைப் பார்த்துப் பிழைக்கிறவள், அதைப் பார்க்கத் தவறினாள். கொடுத்துவிட்ட மாடு. தேய்த்து வைத்த அண்டா. துணியில் சுற்றிய விளக்கு. பொருளையெல்லாம் எடுத்து எடுத்துக் கொடுக்கிறார்களா என்று பாருங்கள், அதுதான் முதல் அடையாளம் என்று அரவிந்தன் போன்ற பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் வகுப்பெடுக்கிறவள் அவள். சொந்த வீட்டில், சொந்த மாமியார் கொடுத்தபோது, பஸ்ஸில் எப்படித் தூக்குவது என்று சலித்துக்கொண்டாள். தன்னையே ஓங்கி அறைந்துகொள்ளலாம்போல இருந்தது அவளுக்கு.

"நான் மட்டுமா?" என்றாள் பிரகதாம்பாள், தனக்குத்தானே சொல்கிற மாதிரி. "நம்ம செம்மொழியோட அம்மா ராசம்மாளும் அதைத்தான் சொன்னாளாம். குளத்துல பார்த்தப்ப சொன்னா."

மடியில் கிடந்த போன் ஒருமுறை அதிர்ந்தது. புகழேந்தி. 'கடைசிக் கேள்வியை எடுத்தாச்சு. நாளைக்குச் சமாளிச்சிடலாம். கவலைப்படாதீங்க.'

ஷோபனா அதைக் கவிழ்த்து வைத்தாள். அண்டாவின் முடிச்சை அவிழ்த்து, அதைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே அதன் பழைய இடத்திலேயே வைத்தாள். விளக்கையும் பிரித்து சாமி மாடத்தில் வைத்தாள். திரும்பி வந்து மாமியாரின் பக்கத்தில், தோள் படுகிற மாதிரி உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். புளி வாசனை இன்னும் போகாத கை.

"அத்தை, நான் இன்னிக்கு ஊருக்குப் போகலை. குந்தவையைப் பாய் வீட்ல பார்த்துப்பாங்க. அந்தத் தம்பி கேட்டதையே நான் ஒருதரம் கேட்கிறேன். எனக்காக இல்லை, உங்களுக்காகச் சொல்லுங்க. இப்பவும் அப்படித் தோணுதா?"

 பிரகதாம்பாள் மெல்லத் தலையை ஆட்டினாள்.

"தோணுதும்மா. அவர் எழுந்து நடக்க ஆரம்பிச்சதுலேருந்துதான் ஜாஸ்தியாத் தோணுது. அதுவரைக்கும் அவரைக் காபந்து பண்ணணுமேன்னு இருந்துட்டேன்."

"என்னை விட்டுட்டு எங்கேயும் போகாதீங்க அத்தை." அவளுக்குக் கண்ணீர் கட்டுக்கடங்காமல் வந்தது. "நாளைக்கு உங்களை டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் உங்க பக்கத்துலயேதான் இருக்கப்போறேன்."

கொல்லைப் பக்கம் வாளி வைக்கிற சத்தம் கேட்டது. "பிரகதா! காபி எங்கே?"

பழக்கதோஷம், பிரகதாம்பாளின் உடம்பு தானாக எழப் பார்த்தது. ஷோபனா கையை விடவில்லை.

"மாமா!" உள்ளேயிருந்தே குரல் கொடுத்தாள். "இன்னிக்கு நீங்க போட்டுக் கொண்டாங்க. மூணு பேருக்கும்."

கொல்லையில் பேச்சு நின்றது. காலடி ஓசை தயங்கித் தயங்கி அடுக்களைக்குள் போனது. ஒரு டப்பா திறந்தது, மூடியது. இன்னொன்று திறந்தது, மூடியது. பாத்திரம் ஒன்று உருண்டது.

அப்புறம் இத்தனை வருஷம் இதே வீட்டில் குடித்தனம் நடத்திய மனுஷனின் குரல், வெட்கத்தோடு வந்தது.

"பிரகதா… சர்க்கரை எங்க இருக்கு?"